வாளி கைமாறிய கோடை
விரல்நுனி வரலாறு – 11

கொழுந்தியாளைச் சீண்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2014 ஜூலை 15 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சரசோட்டா நகரில் கிறிஸ் கென்னடி என்ற கோல்ஃப் ஆட்டக்காரர், ஐஸ் போட்ட தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டார். அத்தோடு விடவில்லை. மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரி ஜெனட் செனர்கியாவைக் கோத்துவிட்டார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஜெனட்டும் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நன்கொடை தர வேண்டும். அந்த நன்கொடை எந்த நோய்க்குப் போக வேண்டும் என்பதையும் கென்னடியே தேர்ந்தெடுத்தார். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு. ஜெனட்டின் கணவர் ஆந்தனி பதினோரு ஆண்டுகளாக அந்த நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாளே ஜெனட்டும் ஊற்றிக்கொண்டார். அவர் இருந்தது நியூயார்க் நகரை ஒட்டிய பெலம் என்ற சிற்றூரில். தன்னைச் சீண்டுவதற்கும், பதினோரு ஆண்டுத் துயரத்துக்கு நடுவே தன் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைப்பதற்கும்தான் கிறிஸ் அப்படிச் செய்தார் என்று பின்னால் பேட்டி எடுத்தவர்களிடம் சொன்னார்.

ஐஸ் பக்கெட் சேலஞ்ச் என்றதும் நமக்கு பில் கேட்ஸும் ஹாலிவுட் நட்சத்திரங்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வந்தது கடைசியில். முதலில் அந்த வாளியைக் கையில் எடுத்தவர்கள் நோயாளியின் மனைவி, அவர் தெருக்காரர்கள், பக்கத்து ஊரில் அதே நோயோடு இருந்த இன்னொருவர், அவருடைய பள்ளி நண்பர்கள். இந்தத் தொடரில் இதுவரை சொன்ன வைரல் கதைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். சென்ற இதழில் பார்த்த ஹார்லெம் ஷேக் ஆட்டம் 2013 பிப்ரவரியில் உலகத்தையே குலுக்கிவிட்டுச் சில வாரங்களில் மறைந்துபோனது. ஆடியவர்களுக்கு ஆடிய சந்தோஷம், அவ்வளவே. இந்த வாளியின் கதை பத்தாண்டு தாண்டியும் ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோத்துவிடுவதும் கெடு வைப்பதும் 2014 கோடையில் புதிதாகப் பிறந்தவை அல்ல. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து இளைஞர்களிடையே ‘நெக்நாமினேட்’ என்ற விளையாட்டு பரவியிருந்தது. மதுவை ஒரே மூச்சில் குடித்து, படம் பிடித்துப் போட்டு, அடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவருக்கும் இருபத்து நான்கு மணி நேரம்தான். சில உயிர்கள் போயின. அப்போது தென்னாப்பிரிக்காவில் பிரென்ட் லிண்டெக் என்ற இளைஞரையும் நண்பர்கள் கோத்துவிட்டார்கள். அவர் குடிக்கவில்லை. காரில் போய், சாலையில் நின்ற வீடில்லாத ஒருவருக்கு உணவு கொடுத்து அதைப் படமாக்கிப் போட்டார். அதே சங்கிலி, அதே கெடு; உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறியது. வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் குளிர்ந்த நீரில் குதித்து நன்கொடை திரட்டும் பழக்கம் முன்பே இருந்தது. இரண்டும் எங்கோ கலந்து, கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் வாளியாக வந்து சேர்ந்தது. ஜூன் 30 அன்று அமெரிக்க கோல்ஃப் சேனலின் காலை நிகழ்ச்சியிலேயே ஊற்றிக்கொண்டார்கள். அதுவரை வாளிக்கென்று ஒரு நோய் கிடையாது. யார் எந்த அறக்கட்டளையைச் சொல்கிறாரோ அதற்குப் பணம் போகும்.

நாற்பதைத் தாண்டிய தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கிலி வேறொரு வடிவில் நன்றாகவே தெரியும். வாசலில் வந்து விழும் மஞ்சள் அஞ்சலட்டை. திருப்பதி வெங்கடாசலபதி மகிமையைச் சொல்லி, இதை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பு, நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று முடியும். அதைத் தூக்கி எறியவும் பயம், உட்கார்ந்து எழுதவும் மனமில்லை என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்த அம்மாக்கள் எத்தனையோ பேர். அந்த அட்டையில் அனுப்பியவர் பெயர் இருக்காது. அச்சம் ஒன்றுதான் அதை நகர்த்தியது. வாளியில் அப்படியில்லை. உன்னைத் தெரிந்த ஒருவர், நனைந்த முகத்தோடு, நடுங்கிக்கொண்டே, ஊரறிய உன் பெயரைச் சொல்கிறார். மறுத்தால் சாமி குத்தம் எதுவும் இல்லை. சிநேகிதனிடம் முகம் கோணாமல் தப்பிப்பதுதான் கஷ்டம்.

வாளி பெலத்துக்கு வந்த பிறகு ஏ.எல்.எஸ். நோயோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த வட்டாரம். அதே வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில், யாங்கர்ஸ் என்ற ஊரில் பேட் குவின் இருந்தார். முப்பது வயது முடிந்த சில வாரங்களில், 2013 மார்ச்சில், அவருக்கும் இதே நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜெனட்டின் தெருவிலிருந்து நண்பர்களின் நண்பர்கள் வழியாக வாளி அவருடைய பக்கத்துக்கு வந்தது. அவர் அதைத் தன் ஊரோடு நிறுத்தவில்லை. நோய் வழியாக ஃபேஸ்புக்கில் பழக்கமாகியிருந்த பாஸ்டன் பக்கத்துக்காரர் ஒருவருக்குக் கடத்தினார். அவர்தான் பீட் ஃப்ரேட்ஸ்.

இந்த நோயைப் பற்றிச் சொல்லாமல் ஃப்ரேட்ஸைச் சொல்ல முடியாது. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகத் தசைகளுக்கு ‘அசை’ என்ற உத்தரவைக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதுதான் ஏ.எல்.எஸ். 1869இல் பாரிஸில் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ இதை விவரித்தார். அமெரிக்கர்கள் இதை லூ கெரிக் நோய் என்பார்கள். தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய அந்த நியூயார்க் பேஸ்பால் வீரர் 1939இல் இந்த நோயால் ஆட்டத்தை விட்டார், 1941இல் முப்பத்தேழு வயதில் இறந்தார். முதலில் சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது. சாவி திரும்பாது. பிறகு கை, கால். பிறகு நாக்கு குழறும், சாப்பாடு விழுங்க முடியாது. கடைசியாக மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துபோகும். இவ்வளவுக்கும் நடுவே பெரும்பாலானோருக்குத் தொட்டால் தெரியும், காது கேட்கும், நினைவு தெளிவாக இருக்கும். கண்ணை அசைக்கும் தசைகள் மட்டும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நோய் தெரிந்த பிறகு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. ஸ்டீபன் ஹாக்கிங்போல் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் மிக மிக அரிது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் புதிதாக வருகிறது. வந்தவர்களும் நெடுநாள் இருப்பதில்லை. ஆகவே மருந்துக் கம்பெனிகளின் கணக்கில் இதற்கு இடமில்லாமல் போயிற்று. 2014இல் அங்கே அங்கீகாரம் பெற்றிருந்த மருந்து ஒன்றே ஒன்று, 1995இல் வந்த ரிலுசோல். அதுவும் ஆயுளைச் சில மாதங்கள் தள்ளிப்போடும், அவ்வளவே.

பீட் ஃப்ரேட்ஸ் பாஸ்டன் கல்லூரி பேஸ்பால் அணியின் முன்னாள் கேப்டன். 2011இல் ஓர் ஆட்டத்தில் மணிக்கட்டில் பந்து பட்டது. அடி ஆறவேண்டிய நாட்களில் ஆறவில்லை. கையில் பிடிப்பும் குறைந்துகொண்டே வந்தது. 2012 மார்ச் 13 அன்று மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அன்று இரவு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, யாரும் அழுது முடங்கக் கூடாது, பில் கேட்ஸ் போன்ற கொடையாளிகளின் கண்ணில் இந்த நோயைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன் என்று அவர் சொன்னதை அவருடைய தாய் நான்சி பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். நம்பிக்கையூட்டச் சொல்லும் வார்த்தை என்று குடும்பம் எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை, அப்படியே நடந்தது.

2014 ஜூலை 31 அன்று அவர் போட்ட வீடியோவில் வாளி கிடையாது. ஐஸும் இந்த நோயும் ஒத்துப்போகாது என்பதால், வெனில்லா ஐஸின் ‘ஐஸ் ஐஸ் பேபி’ பாட்டுக்குத் தலையை மட்டும் அசைத்தார். அப்போதே அவருக்குப் பேச்சு போயிருந்தது; கண் அசைவில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுதுவார். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் துள்ளுகிறார்கள், அலறுகிறார்கள், ஓடுகிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்தில் தாளம் தப்பாமல் தலையை ஆட்டுகிறார். அசைவு என்றால் என்ன விலை என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

ஃப்ரேட்ஸ் மூலம் வாளி பாஸ்டனின் பேஸ்பால், ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் போனது. ஆகஸ்ட் 7 அன்று பாஸ்டன் நகரின் கோப்லி சதுக்கத்தில் இருநூறு பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கவிழ்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் மூவரைக் கோத்துவிடுகிறார். அந்த மூவரும் ஆளுக்கு மூவரை. பத்தாவது சுற்றில் 59,049 பேர். பதினைந்தாவது சுற்றில் ஒரு கோடியே நாற்பத்து மூன்று லட்சத்துக்கு மேல். சுற்றுக்கு ஒரு நாள் கெடு. எல்லோரும் செய்யவில்லை, பலரைப் பலமுறை கூப்பிட்டார்கள் என்றாலும், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாடு முழுக்க நனைந்ததன் ரகசியம் இந்தப் பெருக்கல்தான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஃபேஸ்புக் வீடியோக்களைத் தானாக ஓடவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. அதுவரை தொட்டால்தான் படம் ஓடும். இப்போது விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது சத்தமில்லாமல் ஓடத் தொடங்கும். ஒரு மனிதன், அவன் தலைக்கு மேல் ஒரு வாளி. சத்தம் தேவையில்லை, மொழி தேவையில்லை. கவிழப் போகிறது என்று தெரிந்த பிறகு யாரால் தள்ளிவிட்டுப் போக முடியும்? அந்த ஆண்டு ஜூன் 1 முதல் செப்டம்பர் 1 வரை 1 கோடியே 70 லட்சம் ஐஸ் பக்கெட் வீடியோக்கள் தங்கள் தளத்தில் ஏறின, 44 கோடிப் பேர் அவற்றை 1,000 கோடி முறை பார்த்தார்கள் என்று ஃபேஸ்புக் அறிவித்தது. யூடியூப்தான் வீடியோவின் வீடு என்றிருந்த நிலைமை மாறத் தொடங்கியது அந்தக் கோடையில்தான் என்பது என் எண்ணம். இன்று நாம் ரீல்ஸ் தள்ளும் விரலசைவுக்கு அங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

பெரியவர்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மார்க் ஸக்கர்பெர்க்கைக் கோத்துவிட்டார், ஸக்கர்பெர்க் பில் கேட்ஸை. கேட்ஸ் தாளில் படம் வரைந்து, கயிற்றை இழுத்தால் வாளி கவிழும்படி ஒரு கருவியே செய்து நனைந்தார். பீட் ஃப்ரேட்ஸ் சாப்பாட்டு மேசையில் சொன்ன பெயர். ஹாக்கிங் உடல்நிலை இடம் கொடுக்காததால் அவருக்குப் பதிலாக அவருடைய பிள்ளைகள் ஊற்றிக்கொண்டார்கள். அதிபர் ஒபாமா ஊற்றிக்கொள்ளாமல் நூறு டாலர் அனுப்பினார்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. அதில் பாதி நியாயமானது. கலிஃபோர்னியா அப்போது கடும் வறட்சியில் இருந்தது. நல்ல தண்ணீரை மண்ணில் கொட்டுவதா என்று கேட்டார்கள். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய சென்னைக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் சூடு தெரியும். காஸாவில் பத்திரிகையாளர் அய்மன் அல்-அலூல் தலையில் கொட்டிக்கொள்ளத் தண்ணீர் இல்லாமல், இடிந்த வீடுகளின் மண்ணையும் கல்லையும் வாளியில் அள்ளிக் கொட்டிக்கொண்டார். அந்த ஒரு வீடியோ நூறு தலையங்கங்களுக்குச் சமம். ஹைதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி வாளியில் தண்ணீருக்குப் பதில் அரிசி நிரப்பிப் பசித்தவருக்குக் கொடுக்கச் சொன்னார். ‘ரைஸ் பக்கெட்’ நாடெங்கும் பரவியது. கேரளத்தில் மம்மூட்டி மரம் நடும் சவாலைத் தொடங்கினார். சங்கிலி ஒன்றுதான், ஒவ்வொரு ஊரும் தன் குறையை அதில் கோத்துக்கொண்டது.

வேறொரு வாதத்தைத் தத்துவ அறிஞர் வில்லியம் மெக்காஸ்கில் வைத்தார். தர்மம் செய்ய மனிதர்கள் ஒதுக்கும் பணத்துக்கு ஓர் அளவு உண்டு, ஒன்றுக்குப் போனால் இன்னொன்றுக்குக் குறையும் என்றார். யோசிக்கவேண்டிய வாதம்தான். ஆனால் இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை அதற்கு முந்தைய எழுபத்தைந்து ஆண்டுகளில் பணம் வேறெங்கோதான் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கமும் ஒரு தவறு செய்தது. ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ என்ற பெயரையே தன் பெயரில் பதிவுசெய்ய விண்ணப்பித்து, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றது. ஊர் கூடி இழுத்த தேருக்குப் பட்டா கேட்பதைப் போன்ற செயல் அது. இவற்றைவிடக் கனமானது கென்டக்கியில் நடந்தது. கேம்ப்பெல்ஸ்வில் பல்கலைக்கழக மாணவர்கள் மீது தண்ணீர் ஊற்ற உதவிய தீயணைப்பு வீரர்கள், வண்டியின் ஏணியை இறக்கும்போது உயரழுத்த மின்கம்பிக்கு அருகில் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாதம் போராடி உயிரிழந்தார்.

இப்போது பணத்துக்கு வருவோம். முந்தைய ஆண்டு ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 29 வரை அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு வந்த தொகை 28 லட்சம் டாலர். 2014இல் அதே ஒரு மாதத்தில் 10 கோடியே 9 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். ஆக ஒருவருக்கு முப்பத்துச் சொச்சம் டாலர். கோடீஸ்வரர்கள் நிரப்பிய உண்டியல் அல்ல அது. எல்லாம் சேர்ந்து 11.5 கோடி டாலர் ஆனது; அதில் 7.7 கோடி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது.

அந்தப் பணத்தில் 10 லட்சம் டாலர் ‘ப்ராஜெக்ட் மைன்’ என்ற முயற்சிக்குப் போனது. நெதர்லாந்தில் நோயாளிகளே தொடங்கிய திட்டம் அது, ஆயிரக்கணக்கான ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்து ஒப்பிடுவது. 2016 ஜூலையில் 11 நாடுகளின் எண்பதுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, என்.இ.கே.1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை வெளியிட்டார்கள். நோயாளிகளில் சுமார் 3 சதவீதம் பேரிடம் அதில் பிறழ்வு இருந்தது. வாளி கவிழ்ந்து சரியாக இரண்டு ஆண்டு. கிண்டலடித்தவர்கள் பலர் அன்று வாயடைத்தார்கள்.

அத்தோடு கதையை முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பிரௌன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்த ஒரு கூட்டு மருந்துக்கும் சங்கம் 22 லட்சம் டாலர் கொடுத்தது. 137 பேரிடம் நடந்த சோதனையில் நோயின் வேகம் குறைவதாகத் தெரிந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. ரெலிவ்ரியோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வாளித் தண்ணீர் மருந்தாகிவிட்டது என்று எழுதினார்கள். 2024 மார்ச்சில் 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. மருந்து பலிக்கவில்லை. அடுத்த மாதமே உற்பத்தியாளர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். வைரல் வீடியோவுக்கு ஒரு நாள் கெடு வைக்கலாம். அறிவியலுக்கு அப்படி வைக்க முடிவதில்லை. பத்து வாசல் தட்டி ஒன்பது மூடியிருந்தாலும், தட்டுவதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் கிடைத்தது என்பதுதான் 2014இன் சாதனை என்று நான் நினைக்கிறேன்.

வாளியைத் தொடங்கிவைத்தவர்கள் இதில் பலவற்றைப் பார்க்கவில்லை. ஆந்தனி செனர்கியா 2017 நவம்பரில் இறந்தார். பீட் ஃப்ரேட்ஸ் 2019 டிசம்பர் 9 அன்று, முப்பத்து நான்கு வயதில். ஊரே நனைந்துகொண்டிருந்த அந்த ஆகஸ்டின் கடைசியில் பிறந்த அவருடைய மகள் லூசிக்கு அப்போது ஐந்து வயது.

பேட் குவின் கதையில் இன்னும் ஓர் அத்தியாயம் உண்டு. நோய் முற்றியதில் அவருடைய குரல் போய்விட்டது. குரல் இருக்கும்போதே அதைப் பதிந்து சேமித்து வைக்கும் வசதி நோயாளிகளுக்கு உண்டு. குவின் அதைச் செய்திருக்கவில்லை. கண்ணசைவில் எழுதுவதைக் கணினி தன் இயந்திரக் குரலில் படிக்கும், வேறு வழியில்லை. 2018இல் ‘ப்ராஜெக்ட் ரீவாய்ஸ்’ என்ற முயற்சியில் லயர்பேர்ட் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் அவருக்கு ஒரு குரலைக் கட்டித்தர முன்வந்தார்கள். அதற்கு அவர் தெளிவாகப் பேசிய பதிவுகள் மணிக்கணக்கில் தேவைப்பட்டன. எங்கே போய்த் தேடுவது?

2014 கோடையில் வாளியைப் பற்றி ஊர் ஊராகப் போய் அவர் கொடுத்த பேட்டிகள் இருந்தன. மேடைப் பேச்சுகள் இருந்தன. அவற்றிலிருந்து சொல் சொல்லாக எடுத்துத்தான் அந்தக் குரல் உருவானது. அதற்குப் பிறகு அவர் கண்ணால் எழுதியதைக் கணினி யாங்கர்ஸ்காரரின் உச்சரிப்பில், பேட் குவின் குரலிலேயே பேசியது. 2020 நவம்பர் 22 அன்று, முப்பத்தேழு வயதில், அவர் இறக்கும்வரை அந்தக் குரல் அவரிடம் இருந்தது.

(தொடரும்)